டமாரத்தின் நாலு அடி

பேருந்துப் பணிமனையில் அவருக்கு டமாரம் என்று பெயர் விழுந்ததற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, அவர் ஒரு இசைக்குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். இன்னொன்று, அவர் வயிற்றில் எந்தச் சேதியும் அரை நாள் தங்காது. பெயர் நிலைத்தது இரண்டாவது காரணத்தால்தான். முதல் காரணத்தை மற்றவர்கள் மறந்துவிடாமல் அவரே நாளுக்கு ஒரு தடவை ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.

வேலை என்று பார்த்தால் அவர் டயர் தட்டுகிறவர். காலையில் வண்டிகள் கிளம்புவதற்கு முன் கையில் ஒரு சுத்தியலோடு வரிசையாக நடந்துபோய் ஒவ்வொரு சக்கரத்தையும் ஒரு அடி அடிப்பார். காற்று சரியாக இருந்தால் டங்கென்று கேட்கும், இறங்கியிருந்தால் தொப்பென்று கேட்கும். பின்பக்கம் இரட்டைச் சக்கரம். உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாது, காதால்தான் பிடிக்க வேண்டும். இதற்கு நல்ல காது வேண்டும், கொஞ்சம் பொறுமை வேண்டும். காது அவருக்கு இருந்தது. பொறுமைதான் இல்லை. தட்டுகிற தட்டில் ஒரு தாளம் அமைந்துவிட்டால் மனுஷனுக்குத் தலைகால் புரியாது. ஒரு தடவை தாளம் போட்டுக்கொண்டே போனதில் ஒரு உள்சக்கரம் தொப்பென்று சொன்னது காதில் ஏறவில்லை. வண்டி பாதி வழியில் படுத்துவிட, ஐம்பது பேர் வெயிலில் நடந்தார்கள். மேற்பார்வையாளர் கூப்பிட்டு, வாசிப்பதாக இருந்தால் வீட்டில் வாசி, இங்கே தட்டினால் போதும் என்றார். அதையும் டமாரம் ஒரு பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டார்.

அந்தக் குழு பிறந்தது அவருடைய மனைவி வீட்டு மாடி அறையில். அப்போது அவள் மனைவி ஆகவில்லை, எதிர்வீட்டுப் பெண். அவளுடைய தம்பிக்குக் குரல் இருந்தது. தம்பியின் கூட்டாளிகள் இரண்டு பேரிடம் கிதார் இருந்தது. எதிர்வீட்டில் வாடகைக்கு இருந்த இவரிடம் யாரோ விட்டுப்போன டிரம்ஸ் செட் ஒன்று இருந்தது. அதனால் இவர் டிரம்மர் ஆனார். அது வேறு ஒருவன் அறையில் கிடந்திருந்தால் அவன் ஆகியிருப்பான். பிறகு அக்காவைக் கட்டிக்கொண்டதில் குழுவில் இவருடைய இடம் கெட்டிப்பட்டது. சொந்த மாமாவை எழுந்து போங்கள் என்று யார் சொல்வது?

உள்ளதைச் சொன்னால் அவர் சுமாராகத்தான் வாசிப்பார். மெதுவான பாட்டில் அவசரப்படுவார், வேகமான பாட்டில் மூச்சு வாங்குவார். ஆனால் ஒரே ஒரு இடத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. குழுவுக்குப் பெயர் வாங்கிக்கொடுத்த பாட்டு ஒன்று உண்டு. அதன் நடுவில் எல்லா வாத்தியமும் சட்டென்று நின்றுவிடும். மைத்துனன் இடது தோளைத் தூக்குவான். இவர் இரண்டு குச்சிகளையும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார். அடிக்க மாட்டார். கூட்டம் அடி, அடி என்று கத்தும். இவர் சிரிப்பார். கிதார்காரனைப் பார்த்து, அடிக்கட்டுமா என்று கண்ணால் கேட்பார். ஒரு குச்சியை இறக்குகிற மாதிரி இறக்கித் திரும்பவும் தூக்குவார். ஒரு தடவை ஒரு முழு நிமிஷம் இழுத்திருக்கிறார். கூட்டம் இனிமேல் தாங்காது என்கிற இடம் ஒன்று உண்டல்லவா, அது அவருக்கு மட்டும் தெரியும். அங்கே நாலு அடி இறங்கும், பாட்டு திரும்பவும் கிளம்பும், ஊரே குதிக்கும். எப்போது இறங்கும் என்பது பாடுகிறவனுக்கே தெரியாது. தூக்கிய தோளோடு அவனும் காத்திருப்பான். டமாரத்தின் வாழ்க்கையில் மற்றவர்கள் அவருக்காகக் காத்திருந்தது அந்த ஒரு இடத்தில்தான்.

பிறகு வெளிநாட்டுக் கச்சேரிகள் வந்தன. ஒன்பது மாதம், ஊர் ஊராகப் போகவேண்டிய பயணம். கிளம்பப் பத்து நாள் இருக்கும்போது மைத்துனன் வீட்டுக்கு வந்தான். மூன்று பேருக்கு விசா வந்துவிட்டது, மாமாவுக்கு மட்டும் வரவில்லை, எங்கே கோளாறு என்று தெரியவில்லை என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். அவன் முகம் வாடியதைப் பார்த்து இவருக்கே மனசு கேட்கவில்லை. இவர்தான் அவனைத் தேற்றினார். விமான நிலையம் வரைக்கும் போய், பெட்டிகளைத் தள்ளிக்கொடுத்து, கண்ணாடிக்கு வெளியே நின்று கையை ஆட்டிவிட்டு வந்தார். வந்த கையோடு பணிமனையில் சேதியைப் பரப்பினார். போனவர்களை விடப் போகாதவர்தான் அந்தப் பயணத்தைப் பற்றி அதிகம் பேசினார் என்று சொல்ல வேண்டும்.

அங்கே எடுத்த காணொளிகளைக் கைப்பேசியில் பார்த்துத் தீர்த்தார். மேடையில் மூன்று பேர்தான் தெரிந்தார்கள். டிரம்ஸ் கேட்டது, வாசிக்கிற ஆளைக் காணோம். பின்னால் ஒரு கறுப்புப் பெட்டி மட்டும் பச்சை விளக்கோடு இருந்தது. ஒலியை முன்கூட்டியே பதிவு செய்து அதற்குள் போட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள் என்பது சின்னப் பிள்ளைக்கும் புரியும். டமாரத்துக்கும் புரிந்தது, ஆனால் அவர் பாணியில் புரிந்தது. என் இடத்தில் இன்னொருத்தனை உட்காரவைக்க என் மாப்பிள்ளைக்கு மனசு வரவில்லை பாருங்கள் என்று கைப்பேசியை ஒவ்வொரு ஓட்டுநரிடமும் நீட்டினார். பதிமூன்று வயது மகளிடமும் அதையே சொன்னார். அவள் அதைப் பள்ளிக்கூடத்தில் சொன்னாள். ஆளில்லாத இடத்தைக் காட்டிப் பெருமைப்பட்ட குடும்பம் அந்தத் தெருவிலேயே இவர்களுடையது ஒன்றுதான்.

ஒன்பது மாதம் கழித்துக் குழு திரும்பியது. சொந்த ஊரில் ஒரு பெரிய கச்சேரி, விளையாட்டு மைதானத்தில், ஞாயிற்றுக்கிழமை மாலை. அதற்கு அடுத்த மாதம் மறுபடியும் வெளிநாடு. மைத்துனன் வீட்டுக்கு வந்து, ஊர்க் கச்சேரியில் மாமா மேடையில் இருக்க வேண்டும் என்று சொன்னபோது டமாரத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எழுந்து நின்றார், உட்கார்ந்தார், திரும்பவும் எழுந்து நின்றார். அவன் போன பிறகு மனைவியிடம் தன் கணக்கைச் சொன்னார். இது வெறும் ஊர்க் கச்சேரி இல்லை, தன்னைச் சோதித்துப் பார்க்கிற கச்சேரி. இதில் நன்றாக வாசித்துவிட்டால் அடுத்த மாதம் தன்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள். இந்தத் தடவை விசாவுக்குத் தானே போய் நிற்கப் போவதாகவும் சொன்னார். மனைவி அவருடைய சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். காலரைத் திருப்பிப் போட்டு இன்னொரு தடவை தேய்த்தாள்.

மறுநாளே அவர் பணிமனையில் ஆறு மாத விடுப்புக்கு விண்ணப்பம் கொடுத்துவிட்டார். காரணம் என்ற இடத்தில் வெளிநாட்டுக் கச்சேரிகள் என்று எழுதியிருந்தார். மேற்பார்வையாளர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு மேசை இழுப்பறையில் போட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆகட்டும், அப்புறம் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொன்னார். அவருக்கும் நுழைவுச்சீட்டு கொடுக்கப்பட்டது. ஓட்டுநர், நடத்துநர், பஞ்சர் ஒட்டுகிறவர் என்று ஒரு வரிசை முழுக்கப் பணிமனை ஆட்கள். அவர்களுக்கு முன்வரிசையில் மனைவி, மகள், மகளின் இரண்டு சிநேகிதிகள். தான் தோற்றால் பார்ப்பதற்கு இத்தனை பேரைக் கூட்டி வைக்க வேண்டாம் என்று ஒரு புத்திசாலிக்குத் தோன்றியிருக்கும்.

ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு ஒலியைச் சரிபார்க்கக் கூப்பிட்டார்கள். மேடையில் இருந்தது அவருக்குத் தெரிந்த டிரம்ஸ் இல்லை. எல்லாவற்றுக்கும் ரப்பர் தோல். அடித்தால் பக்கத்தில் இருப்பவனுக்குத் தலையணையைத் தட்டுகிற சத்தம்தான் கேட்கும். ஒலி கம்பி வழியாக ஒலிக்காரரின் மேசைக்குப் போய், அங்கிருந்து பெரிய ஒலிபெருக்கிப் பெட்டிகளில் வெளியே வரும். வாசிக்கிறவர் காதில் மாட்டிக்கொள்ள ஒரு கருவி கொடுத்தார்கள். டமாரம் உட்கார்ந்து ஒரு அடி அடித்தார். காலி மைதானத்தின் அந்தக் கோடியில் போய் அது மோதித் திரும்பியது. அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இரண்டு பாட்டு வாசித்தார். முதல் பாட்டில் அவசரப்பட்டார், இரண்டாவதில் பின்தங்கினார். கிதார்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மைத்துனன் ஒலிக்காரரிடம் போய் ஏதோ சொல்லிவிட்டு வந்து, "பிரமாதம் மாமா, போய்க் கொஞ்சம் படுத்து எழுந்திருங்க, சாயங்காலம் பார்த்துக்கலாம்," என்றான்.

அவர் படுக்கவில்லை. மேடைக்குப் பின்னால் ஒரு மூலையில் நின்று தன் தொடையிலேயே அடித்துப் பழகிக்கொண்டிருந்தார்.

ஐந்து மணிக்கு மைதானம் நிரம்பிவிட்டது. வெளிநாட்டுக்குப் போய்வந்தவர்களைப் பார்க்க ஊர் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே வரும். மூன்று பேரும் மேடை ஏறினார்கள். பிறகு மைத்துனன் ஒலிவாங்கியில், எங்கள் மாமா என்று சொல்லிக் கையைக் காட்டினான். டமாரம் ஓடி வந்து உட்கார்ந்தார். பணிமனை வரிசை எழுந்து நின்று விசில் அடித்தது. மகள் நாற்காலியின் மேலேயே ஏறிவிட்டாள்.

முதல் பாட்டிலேயே அவருக்கு ஆச்சரியம். தன் கை இவ்வளவு சுத்தமாகப் பேசி அவருக்கே நினைவில்லை. காதில் மாட்டிய கருவியில் ஒவ்வொரு அடியும் அச்சு மாதிரி விழுந்தது. மதியம் தடுமாறிய இடத்தில் இப்போது தடுமாற்றமே இல்லை. மூச்சு வாங்கியபோதுகூடத் தாளம் தளரவில்லை. இரண்டாவது பாட்டு முடிந்தபோது அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். எல்லாம் டயர் தட்டியதால் வந்த பலன். ஒன்பது மாதம் தினமும் முந்நூறு, நானூறு தட்டு தட்டினால் கை எப்படிப் பழகாமல் போகும்? இனிமேல் யார் கேட்டாலும் இதைச் சொல்ல வேண்டும் என்று மேடையிலேயே மனசுக்குள் வாக்கியம்கூட அமைத்துக்கொண்டார். பாவம், அந்த இரண்டு பாட்டு நேரம் அவரைப் போல் சந்தோஷமான மனுஷன் அந்த மைதானத்தில் வேறு யாரும் இல்லை.

மூன்றாவது, அந்தப் பாட்டு. ஆரம்பத்திலேயே கூட்டம் கூடச் சேர்ந்து பாடியது. நடுவில் எல்லா வாத்தியமும் நின்றது. மைத்துனன் இடது தோளைத் தூக்கினான். டமாரம் இரண்டு குச்சிகளையும் தலைக்கு மேலே தூக்கினார்.

அடி, அடி என்று மைதானம் கத்தியது. அவர் சிரித்தார். முன்வரிசையில் மகள் இரண்டு கையையும் வாயருகே குவித்துக் கத்துவது தெரிந்தது. இன்றைக்கு ஒரு நிமிஷம் இல்லை, ஒன்றரை நிமிஷம் இழுத்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். கிதார்காரனைப் பார்த்து, அடிக்கட்டுமா என்று கண்ணால் கேட்டார். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

குச்சிகள் மேலேயே இருந்தன. நாலு அடி இறங்கியது.

ஒலிபெருக்கிப் பெட்டிகளிலிருந்து, மைதானம் அதிர, ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. ஒவ்வொரு அடிக்கும் ஒரு வெள்ளை விளக்கு பளிச்சென்று எரிந்து கூட்டத்தின் கண்ணைக் கூசவைத்தது. பாட்டு கிளம்பியது, ஊர் குதித்தது. வெளிநாட்டில் ஒன்பது மாதமும் விளக்கும் பின்திரையில் ஓடுகிற படமும் தாளமும் அந்தக் கறுப்புப் பெட்டியிலிருந்துதான் ஓடின, இங்கேயும் அதேதான். நாலு அடி எந்த நொடியில் விழ வேண்டும் என்று அந்தப் பெட்டிக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. யாருக்காகவும் அது காத்திருக்காது. உலகத்தில் வேறு எந்த டிரம்மராக இருந்தாலும் பழக்கதோஷத்தில் சரியான நேரத்துக்கு அடித்திருப்பான், கடைசி வரைக்கும் உண்மை தெரியாமல் வீட்டுக்குப் போயிருப்பான். காக்க வைத்தே பெயர் எடுத்தவர் என்பதால் இவர் ஒருவர்தான் மாட்டிக்கொண்டார்.

குச்சிகளை மெல்ல இறக்கினார். இடதுபக்கத் தோலில் வேண்டுமென்றே தாளம் தப்பி ஓங்கி ஒரு அடி அடித்தார். ஒன்றும் கேட்கவில்லை. வலதுபக்கம் அடித்தார். ஒன்றும் இல்லை. அடிப்பதை நிறுத்திப் பார்த்தார். டிரம்ஸ் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, மூச்சு வாங்காமல், அச்சு மாதிரி. மதியம் இணைத்திருந்த கம்பியைச் சாயங்காலம் துண்டித்துவிட்டார்கள் என்பது அவருக்கு அப்போது புரிந்தது. முதல் இரண்டு பாட்டிலும் பேசியது தன் கை இல்லை என்பது அதற்கு அடுத்ததாகப் புரிந்தது. இரண்டாவதுதான் அதிகம் வலித்தது.

எழுந்து போயிருக்கலாம். குச்சியைத் தூக்கி மைத்துனன் முதுகில் எறிந்திருக்கலாம். ஆனால் முன்வரிசையில் மகள் நாற்காலி மேல் நின்றுகொண்டிருந்தாள். அவர் திரும்பவும் அடிக்க ஆரம்பித்தார். அவமானத்தில் காது மடல் எரிய, ரப்பர் தோலை இன்னும் ஆறு பாட்டுக்கு அடித்தார். கையை நன்றாக உயர்த்தி, தலையை ஆட்டி, எல்லோரும் பார்க்கும்படி அடித்தார். வாழ்க்கையில் அவர் அவ்வளவு பாடுபட்டு எதையும் செய்ததில்லை.

ஏழு மணிக்கு எல்லாம் முடிந்தது. மேடைக்குப் பின்னால் மேற்பார்வையாளர் தேடிக்கொண்டு வந்து இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருஷமாக உன்னைச் சாதாரணமாக நினைத்துவிட்டேன், அதிலும் அந்த நாலு அடி இருக்கிறதே, எனக்கு மயிர்க்கூச்செறிந்துவிட்டது என்று சொன்னார். நாளைக்கே விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுவதாகவும் சொன்னார். டமாரம் நன்றி என்றார். அவர் அவ்வளவு சுருக்கமாகப் பேசியதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு மேற்பார்வையாளர் இன்னும் அசந்துபோனார்.

மைத்துனன் படமெடுக்கிறவர்கள் நடுவில் நின்றிருந்தான். இவரைப் பார்த்ததும் இழுத்துத் தோளில் கை போட்டு இரண்டு படம் எடுத்துக்கொண்டான். அடுத்த மாதம் என்று இவர் ஆரம்பித்தார்.

"பார்க்கலாம் மாமா. அங்கெல்லாம் மேடை ரொம்பச் சின்னது," என்றான் அவன். சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குத் திரும்பிக்கொண்டான்.

மனைவி, சாமான் ஏற்றுகிற வண்டி பக்கத்தில், ஒரு இரும்புப் பெட்டியின் மேல் அவருடைய மாற்றுச் சட்டையையும் துண்டையும் வைத்துக்கொண்டு தனியாக நின்றாள். மகளும் சிநேகிதிகளும் கிதார்காரர்களிடம் கையெழுத்து வாங்கப் போயிருந்தார்கள். டமாரம் நேராக அவளிடம் போனார். நடந்ததையெல்லாம் அவளிடம் கொட்டிவிட வேண்டும், உன் தம்பி எனக்குச் செய்ததைப் பார் என்று கேட்டுவிட வேண்டும், ஒருத்தியாவது தன் பக்கம் நின்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"கையை ஏன் அவ்வளவு நேரம் மேலயே வச்சிருந்தீங்க? யாராவது பார்த்துடுவாங்களோன்னு எனக்கு உயிரே போயிடுச்சு."

அவர் இன்னும் கிட்டே வந்தார்.

"உனக்குத் தெரியுமா?"

"என்னைக் கேக்காம அவன் செய்வானா? திரும்ப ஒரு தடவை மேடையில உட்கார்ந்துட்டா உங்க ஆசை அடங்கிடும்னு நான்தான் சொன்னேன்."

"அப்போ விசா?"

"கேட்டாத்தானே வர்றதுக்கு," என்றாள். குரல் இறங்கியிருந்தது. "அதையும் நான்தான் வேணாம்னு சொன்னேன். அங்க போய் நீங்க தப்பு தப்பா வாசிச்சா அவனே ஒரு நாள் உங்களைத் திருப்பி அனுப்பியிருப்பான். அப்புறம் ரெண்டு பேரும் முகம் பார்த்துப் பேச மாட்டீங்க. எனக்குத் தம்பியும் வேணும், நீங்களும் வேணும்."

அவர் துண்டை வாங்கி முகத்தைத் துடைத்தார். துடைத்த முகத்தையே திரும்பவும் துடைத்தார்.

"நான் நல்லா வாசிக்க மாட்டேனா?"

அவள் பொய் சொல்லியிருக்கலாம். மாடி அறையில் இதே கேள்வியை அவர் கேட்டபோது, கல்யாணத்துக்கு முன்னால், சொல்லியிருக்கிறாள்.

"இல்லைங்க," என்றாள்.

சட்டையை மாற்றிக்கொண்டார். பித்தான்களைப் போட்டுக்கொண்டிருக்கும்போது மகள் சிநேகிதிகளோடு ஓடி வந்தாள். கன்னம் இரண்டும் சிவந்திருந்தன. கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிருந்தது. இவர்தான் என் அப்பா என்று இரண்டு பெண்களிடமும் சொன்னாள். அது அவர்களுக்குப் பல வருஷமாகத் தெரிந்த விஷயம்தான். அந்த நாலு அடியை இவர்களுக்குப் பக்கத்தில் அடித்துக் காட்ட வேண்டும் என்று கேட்டாள். மனைவி, அப்பா களைச்சுப் போயிருக்கார், நாளைக்குப் பார்க்கலாம் என்று இடையில் புகுந்தாள். மகள் விடவில்லை. அவர் இடுப்பில் செருகியிருந்த குச்சிகளை உருவி அவர் கையிலேயே கொடுத்து, இரும்புப் பெட்டியைக் காட்டினாள்.

அவர் குனிந்து அடித்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.

சிநேகிதிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மகள் சிரித்தாள்.

"விளையாடாதீங்கப்பா. மேடையில அடிச்ச மாதிரி அடிங்க."

திரும்பவும் அடித்தார். உள்ளதையெல்லாம் சேர்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தார். இரண்டாவது அடி முந்திக்கொண்டது, நாலாவது பின்தங்கியது. அவருடைய கைக்கு வருவது அவ்வளவுதான், இருபது வருஷமாக ஊர் குதித்ததும் அதற்குத்தான். மகளின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. சிநேகிதிகள் முன்னால் அவளுக்குச் சங்கடமாக இருந்தது.

"இல்லப்பா, அப்படி இல்ல," என்று குச்சிகளை வாங்கிக்கொண்டாள். பெட்டியின் மேல் நாலு தடவை அடித்தாள். ஒன்பது மாதம் காணொளி பார்த்த காது. அச்சு மாதிரி விழுந்தது. "இப்படித்தானே அடிச்சீங்க?"

மனைவி வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

"ஆமாம்மா," என்றார் டமாரம். "அப்படித்தான் அடிச்சேன்."